வட்டெறிவோன் எங்கே நோக்குகிறான்?

விளையாட்டு வெற்றிக் கோப்பைகளின் மீதும், பதக்கங்களின் மீதும், அஞ்சல் தலைகளின் மீதும் ஓர் இளைஞனின் உருவத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். இடுப்பை வளைத்து, வலக்கையைப் பின்னே உயர்த்தி, கையில் கனத்த வட்டு ஒன்றை ஏந்தி, எறியப்போகும் கணத்தில் நிற்கின்ற உருவம் அது. கிரேக்கக் கலை என்றதும் நம் மனக்கண்முன் முதலில் தோன்றும் உருவங்களுள் இதுவும் ஒன்று. மிகுந்த பழக்கத்தினாலேயே பார்க்கப்படாமல் போகும் பொருள்கள் உலகில் பல உண்டு. இச்சிலையும் அவ்வாறு ஆகிவிட்டது. அதன் தோள்களைப் புகழ்ந்தவர் பலர். கால்களின் கட்டமைப்பை வியந்தவர் பலர். அவன் எங்கே நோக்குகிறான் என்று கேட்டவர் சிலரே.

இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், இச்சிலையின் பொருள் பெரிதும் அதன் தலை திரும்பியிருக்கும் திசையில்தான் தங்கியுள்ளது என்பது நமது கருத்து. அத்திசை வரலாற்றில் இருமுறை மாற்றப்பட்டது. ஒருமுறை சிற்பியின் உளி அதை மாற்றியது. மறுமுறை ஒரு கொடுங்கோல் அரசு மாற்றியது. இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தால், ஒரு கலைப்படைப்பைத் தவறாகப் பார்ப்பது எத்துணைப் பெரிய தீங்குக்கு இடமளிக்கும் என்பது விளங்கும்.

மூலம் இல்லாத புகழ்

இச்சிலையை வடித்தவர் மைரோன். அத்திக்கா நாட்டின் எல்லையில் இருந்த எலூதெரே என்னும் ஊரினர், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவர். வட்டெறிவோன் கி.மு. 460-க்கும் 450-க்கும் இடைப்பட்ட காலத்தது என்பது அறிஞர் கருத்து. அவர் செய்தது வெண்கலச் சிலை. அது இன்று இல்லை. பண்டைய வெண்கலச் சிலைகளுள் மிகப் பலவும் பிற்காலத்தில் உலோகத்துக்காக உருக்கப்பட்டன. இதுவும் அவ்வாறே அழிந்திருக்க வேண்டும். நாம் காண்பவை யாவும் உரோமையர் தங்கள் மாளிகைகளுக்கும் தோட்டங்களுக்கும் அழகு சேர்க்கப் பளிங்கில் செய்துகொண்ட படிகளே.

வெண்கலம் தன் காலில் தானே நிற்கும். பளிங்கோ அத்தகைய வளைவில் நின்றால் கணுக்காலில் முறிந்துவிடும். ஆதலால் படி எடுத்தவர்கள் வட்டெறிவோனின் காலருகே ஓர் அடிமரத்தை முட்டாக நிறுத்தினர். மைரோனின் சிலையில் அந்த மரம் இல்லை. இன்று நாம் போற்றும் வெண்மையும் அதில் இல்லை. பழுப்புப் பொன் நிறத்து உலோகத்தில், தனியே பதித்த கண்களோடு உயிருள்ள மேனி போலப் பொலிவதே அக்காலத்து வெண்கல உருவங்களின் இயல்பு. இவ்வெண்மை ஒரு தற்செயல் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்; இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது நமக்குத் தேவைப்படும்.

அப்படிகளுள் சிறந்தது 1781 மார்ச் 14 அன்று உரோமை நகரின் எஸ்குவிலின் குன்றில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. மாசிமோ குடும்பத்தின் உடைமையாக இருந்து, பின்னர் லான்செலொத்தி மாளிகைக்குச் சென்றதால் லான்செலொத்தி வட்டெறிவோன் என்று அது பெயர் பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் உடையது. இது மைரோனின் சிலையே என்று உரோமை அறிஞர்கள் கண்டுகொண்டதற்குத் துணைநின்றது ஒரு பழைய நகைச்சுவை நூல்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய லூசியன், பொய்யை விரும்புவோரைப் பற்றி ஓர் உரையாடல் இயற்றினார். செல்வர் ஒருவரின் வீட்டில் கூடியிருப்போர் நம்பத்தகாத கதைகளைப் போட்டியிட்டுச் சொல்கின்றனர். இரவில் பீடத்தைவிட்டு இறங்கி நடக்கும் சிலை ஒன்றைப் பற்றியும் பேச்சு எழுகிறது. எந்தச் சிலை என்று கேட்கப்படும்போது, முற்றத்தில் இருக்கும் வட்டெறிவோனையா சொல்கிறீர் என்று ஒருவர் வினவி, அதன் நிலையைச் சில சொற்களில் வருணிக்கிறார். எறிவதற்காகக் குனிந்திருப்பவன், வட்டை ஏந்திய கையின் பக்கமாக முகத்தைத் திருப்பியவன், ஒரு காலைச் சற்றே மடக்கியவன், எறிந்தவுடன் நிமிர்ந்துவிடப் போகிறவன் போல் தோன்றுபவன். பொய்யர்கள் நிறைந்த நூலில் கிடைத்த இவ்வொரு மெய்க்கூற்றே மைரோனின் படைப்பை நமக்கு மீட்டுத் தந்தது. ‘வட்டை ஏந்திய கையின் பக்கமாக’ என்பதை வாசகர் நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

பொருந்தாத தலை

முதற்படி கிடைத்துப் பத்து ஆண்டுகள் கழிந்தபின், உரோமைக்கு அருகில் தீவொலியில், பேரரசர் அத்ரியானின் மாளிகை இடிபாடுகளிலிருந்து வேறொரு படி கிடைத்தது. ஆங்கிலேயச் செல்வர் சார்லஸ் டவுன்லி அதை விலைக்கு வாங்கினார். 1805-இல் அது பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தது. இன்றும் இலண்டனில் இருக்கிறது. இதன் தலை பண்டையதே; ஆனால் இவ்வுடலுக்கு உரியதன்று. பழுது பார்த்தவர் வேறொரு தலையை இதன்மீது பொருத்தினார். பொருத்தியபோது அத்தலையை வட்டின் பக்கமாகத் திருப்பாமல், முன்னோக்கித் தாழ்ந்து நிலத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டார். அப்பொருத்தத்தைச் சரியென வாதிட்டவர்களும் அக்காலத்தில் இருந்தனர்.

இவ்விரு படிகளின் ஒளிப்படங்களை அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். உடல் ஒன்றே, நிலை ஒன்றே, வலக்கால் ஊன்றியிருப்பதும், இடக்கால் விரல்கள் மடங்கித் தரையில் இழுபடுவதும், இடக்கை வலமுழங்கால் அருகே தொங்குவதும் ஒன்றே. எனினும் இருவரும் வேறுவேறு மனிதர்களாகத் தோன்றுகின்றனர். இலண்டனில் நிற்பவன் முன்னே பார்க்கிறான். அவன் கையில் உள்ள வட்டை அவனே மறந்துவிட்டான். கை பின்னே ஒரு வேலையைச் செய்ய, தலை முன்னே வேறொன்றை எண்ணுகிறது. உரோமையில் நிற்பவனோ தன் கையில் இருப்பதைத் திரும்பி நோக்குகிறான். ஆங்கு உடல் முழுவதும் ஓர் எண்ணத்தால் கட்டப்பட்டிருக்கிறது. பின்னுயர்ந்த கையிலிருந்து தோள்கள் வழியாக இடக்கை வரை இறங்கும் வளைவு வில்லைப் போன்றது. அவ்வில்லை வளைத்து நிறுத்தும் நாண் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பார்வையே.

கலையறிஞர் சிலர் இச்சிலையில் ஒரு குறை காண்பர். இது நாற்புறமும் சுற்றிப் பார்ப்பதற்கு ஏற்றதன்று. ஒரே பக்கத்திலிருந்து பார்த்தால்தான் வடிவம் முழுமை பெறும். மார்பு நம்மை நோக்கியும் கால்கள் பக்கவாட்டிலும் அமைந்திருப்பதால் சுவரில் செதுக்கிய புடைப்புச் சிற்பம் போல் உள்ளது என்பர். குற்றச்சாட்டு உண்மையே. பக்கவாட்டில் சென்று பார்த்தால் உருவம் ஒடுங்கிப் போகிறது. ஆனால், இயக்கத்தின் நடுவே ஒரு கணத்தை எடுத்து, அதை ஒரே பார்வையில் படித்துணரும்படி விரித்துக் காட்டுவதே மைரோன் மேற்கொண்ட பணி. அவருக்கு இரண்டு தலைமுறைகளுக்கு முன்வரை கிரேக்க இளைஞரின் சிலைகள் கைகளைத் தொடையோடு சேர்த்து, ஒரு காலை முன்வைத்து, விறைத்து நின்றன. அவ்விறைப்பை நீக்கியவர்களுள் மைரோன் முன்வரிசையில் நிற்பவர். முதன்முதலாக வழி வெட்டுவோரிடம் அகன்ற சாலையை எதிர்பார்த்தல் முறையன்று.

இரு பழைய தீர்ப்புகள்

உரோமைத் திறனாய்வாளர் இருவர் மைரோனைப் பற்றிக் கூறியவை நமக்குக் கிடைத்துள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டின் மூத்த பிளினி, மைரோன் உடலைப் பற்றியே அக்கறை கொண்டார், உள்ளத்தின் உணர்வுகளை அவர் வெளிப்படுத்தவில்லை என்று தீர்ப்பளித்தார். அதே நூற்றாண்டில் சொற்கலை ஆசிரியராக விளங்கிய குவின்டிலியன், இச்சிலையின் திருகிய நிலையையே எடுத்துக்காட்டாகக் காட்டினார். நேராக நிற்கவில்லை என்று இதனைக் குறைகூறுவோர் கலையறியாதவர். புதுமையும் அருமையுமே இதன் பெருமை என்பது அவர் வாதம்.

குவின்டிலியனுடன் நமக்கு வழக்கில்லை. பிளினியின் கூற்றோ எளிதில் தள்ளத்தக்கதன்று. வட்டெறிவோனின் முகத்தைப் பாருங்கள். உடல் இத்துணை முறுகியிருந்தும் புருவம் நெரியவில்லை, உதடு இறுகவில்லை, மூச்சின் அடையாளம்கூட முகத்தில் இல்லை. நிழலில் அமர்ந்திருப்பவனின் முகம் போல் அது அமைதியாக உள்ளது. உள்ளத்தை முகத்தில் தேடினால் பிளினி கூறியதே சரி.

ஆனால் உள்ளம் முகத்தில் மட்டுமா வெளிப்படும்? தாய் ஒருத்தி உறங்கும் குழந்தையைக் கடந்து செல்கையில் ஒரு கணம் தலையைத் திருப்பிப் பார்க்கிறாள். அவள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாவிட்டாலும், அத்திரும்புதலே அவள் உள்ளத்தைச் சொல்லிவிடும். மைரோன் உள்ளத்தைக் கழுத்தில் வைத்தார். தன் கையில் உள்ளதை, அதை விட்டுவிடுவதற்கு முன், ஒருமுறை முழுமையாக நோக்குகின்ற மனிதனை அவர் நமக்குக் காட்டுகிறார். பிளினி காணத் தவறியது இதுவே என்போம். எனினும் அவர் சுட்டிய வெறுமை மெய்யானது. எந்த உணர்வும் எழுதப்படாத முகத்தில் தான் விரும்பியதை எழுதிக்கொள்ள எவனும் முயலலாம். அவ்வாறு ஒருவன் எழுதியதைப் பின்னர்க் காண்போம்.

கையைவிட்டுச் சென்ற வட்டு

இவன் யார்? கிரேக்கர்களிடையே வட்டெறிதல் ஒலிம்பியாவில் தனிப் போட்டியாக நடந்ததில்லை. ஓட்டம், தாண்டுதல், வட்டெறிதல், ஈட்டியெறிதல், மற்போர் ஆகிய ஐந்தும் சேர்ந்த ஐம்போட்டியின் ஒரு பகுதியாகவே அது இருந்தது. ஐம்போட்டி கி.மு. 708-இல் ஒலிம்பியாவில் சேர்க்கப்பட்டது என்பது மரபு. ஆகவே வட்டெறிபவன் வட்டெறிவதில் மட்டும் வல்லவனாக இருத்தல் போதாது. எறிந்த கையோடு ஓடவும் தாண்டவும் மற்போர் புரியவும் வேண்டும். இவனது உடல் எந்த ஓர் உறுப்பிலும் மிகைபடாமல் அளவோடு அமைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

வட்டுகள் கல்லாலும் வெண்கலத்தாலும் இரும்பாலும் செய்யப்பட்டன. அகழ்வில் கிடைத்தவை ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தவை முதல் ஆறு கிலோவுக்கு மேற்பட்டவை வரை பலதிறப்பட்டவை; இன்று ஆடவர் எறியும் வட்டு 2 கிலோ எடையுள்ளது. எல்லார்க்கும் ஒரே அளவு அமைய வேண்டும் என்பதற்காக, ஒலிம்பியாவில் சிக்கியோன் நகரத்தாரின் கருவூலத்தில் மூன்று வட்டுகள் வைத்துக் காக்கப்பட்டன என்று பயண நூலாசிரியர் பௌசானியாஸ் எழுதியுள்ளார்.

ஓமரின் இரு காப்பியங்களிலும் வட்டு வருகிறது. இலியத்தில் பத்ரோக்ளசின் ஈமச்சடங்கு விளையாட்டில் எறியப்படுவது உருக்கிய இரும்புப் பாளம். எறிந்து வென்றவனுக்கு அப்பாளமே பரிசு. ஒடிசியில் அயலூரில் ஏளனத்துக்கு ஆளான ஒதிசேயுஸ், அங்குள்ளோர் எறிந்ததைக் காட்டிலும் கனத்த கல்வட்டை எறிந்து தன்னை நிலைநாட்டுகிறான். இவை பெருமைக் கதைகள். ஆனால் கிரேக்கப் புராணத்தில் வட்டுக்கு வேறொரு முகமும் உண்டு. அப்போலோன் தேவன் தன் அன்புக்குரிய இயாசிந்தோசுடன் விளையாடுகையில் எறிந்த வட்டு அவ்விளைஞனைத் தாக்கிக் கொன்றது. ஸ்பார்த்தாவுக்கு அருகில் அமிக்ளே என்னும் ஊரில் ஆண்டுதோறும் அவனுக்காகத் துயர விழா எடுத்தனர். பேரனால் சாவாய் என்று குறி கேட்ட மன்னன் அக்ரீசியோஸ், அவ்விதியைத் தப்ப எத்தனையோ வழி தேடினான். இறுதியில் லாரிசா நகரத்து விளையாட்டில் பேரன் பெர்சேயுஸ் எறிந்த வட்டு அறியாமல் அவன்மீது பட்டு அவன் உயிர் போயிற்று.

அன்புள்ளவன் எறிந்ததும் கொன்றது. பகையில்லாதவன் எறிந்ததும் கொன்றது. கையில் இருக்கும்வரை வட்டு எறிபவனுக்கு உரியது. கையைவிட்டபின் அவனது ஆற்றலுக்கு அடங்காதது. இக்கதைகளை இளமை முதல் கேட்டு வளர்ந்த மக்களுக்கு நடுவே மைரோன் இச்சிலையை வைத்தார். அவர்கள் இதில் தசைகளின் திரட்சியை மட்டும் கண்டிருப்பார்கள் என்று நம்மால் நம்ப முடியவில்லை. விட்டுவிட்டால் திரும்பாத ஒன்றை இன்னும் விடாமல் நோக்கி நிற்கும் கணமாகவும் அவர்களுள் சிலர் இதனைக் கண்டிருக்கலாம்.

இன்னொரு வட்டைப் பற்றியும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஒலிம்பியாவில் ஏரா தேவியின் கோவிலில், எலிஸ் நாட்டு மன்னன் இபித்தோசின் பெயரால் ஒரு வட்டு இருந்தது. விளையாட்டுக் காலத்தில் போரை நிறுத்தும் உடன்படிக்கை அதன்மேல் பொறிக்கப்பட்டிருந்தது. எழுத்துகள் நேர்வரியாக இல்லாமல் வட்டமாகச் சுற்றி வந்தன என்று பௌசானியாஸ் கூறுகிறார். ஊரைக் காக்கும் அமைதி மொழியைப் பொறிப்பதற்குக் கிரேக்கர் ஒரு வட்டைத் தேர்ந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் விவிலியத்திலும் வட்டின் ஓசை ஒருமுறை கேட்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரம், தலைமைக் குரு யாசோன் எருசலேமில் கிரேக்க உடற்பயிற்சிக் கூடம் அமைத்ததைக் கூறுகிறது. கி.மு. 175-ஐ ஒட்டிய நிகழ்ச்சி அது. வட்டெறிதலுக்கான அழைப்பு எழுந்ததும் குருக்கள் பலிபீடப் பணியை விட்டுவிட்டு விளையாட்டுக் களத்துக்கு ஓடினர் என்று ஆசிரியர் வருந்துகிறார். வட்டின் மீது அவருக்குப் பகை இருந்ததாகத் தெரியவில்லை. தங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டதைத் திரும்பியும் பாராமல் குருக்கள் ஓடினரே என்பதுதான் அவரது துயரம். பின்னாளில் கொரிந்தியர்க்கு எழுதிய பவுல் அடிகளார், அந்நகரத்தார் நன்கறிந்த விளையாட்டுகளையே உவமையாக எடுத்தாண்டு, வாடிப்போகும் வெற்றி மாலைக்காகப் போட்டியாளர் தம்மை ஒறுப்பதை நினைவூட்டினார். ஆகவே கிரேக்க விளையாட்டைப் பார்த்து மறைநூல் முகஞ்சுளிக்கிறது என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. எதை விட்டுவிட்டு எதை நோக்கி ஓடுகிறோம் என்பதே அங்கு எழும் வினா.

சிலையைப் பார்த்து எறிந்தவர்கள்

தற்கால ஒலிம்பிக் விளையாட்டு 1896-இல் ஏதென்சில் தொடங்கியபோது, கிரேக்க அரசு வெளியிட்ட அஞ்சல் தலைகளில் வட்டெறிவோன் இடம்பெற்றான். அப்போட்டியில் வட்டெறிதலில் வென்றவர் அமெரிக்க மாணவர் ராபர்ட் காரெட். எறிந்த தொலைவு 29.15 மீட்டர். கிரேக்க வீரரைச் சில அங்குலங்களிலேயே அவர் முந்தினார். பின்னர், பழைய முறைப்படியே எறிய வேண்டும் என்று விரும்பியோர் ‘கிரேக்க முறை’ என்னும் தனிப் போட்டியை ஏற்படுத்தினர். பழைய சிலையின் நிலையை ஒட்டி விதிகள் வகுக்கப்பட்டன. 1908-இல் இலண்டனில் மார்ட்டின் செரிடன் என்னும் ஒருவரே இரண்டிலும் வென்றார். விருப்பம்போல் எறிந்தபோது 40.89 மீட்டர், கிரேக்க முறையில் எறிந்தபோது ஏறத்தாழ 38 மீட்டர். கிரேக்க முறைப் போட்டி அதன்பின் ஒலிம்பிக்கில் நடைபெறவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் சிற்பத்தைப் பற்றியது. வட்டெறிவோன் ஒரு பயிற்சிக் கையேடு அன்று. தொலைவாக எறிவது எப்படி என்று அவனிடம் கேட்பவன் ஏமாற்றமடைவான். இக்காலத்து வீரர் இரண்டரை மீட்டர் வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுழன்று எழுபது மீட்டரையும் தாண்டி எறிகின்றனர். அச்சுழற்சியில் நின்று நோக்குவதற்கு நேரமில்லை. மைரோனோ, நின்று நோக்கும் ஒரு கணத்துக்காகவே சிலை வடித்தார்.

மியூனிக், 1938

இனி, தலை இரண்டாம் முறை திருப்பப்பட்ட வரலாற்றுக்கு வருவோம். இம்முறை பளிங்கின்மீது எவனும் கைவைக்கவில்லை.

1936-இல் பெர்லினில் நடந்த ஒலிம்பிக் போட்டியை லேனி ரீபென்ஸ்டால் திரைப்படமாக்கினார். 1938 ஏப்ரல் 20 அன்று, இட்லரின் பிறந்தநாளில், அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. தொடக்கக் காட்சியில் கிரேக்க இடிபாடுகளுக்கு நடுவே வட்டெறிவோன் தோன்றுகிறான். மெல்ல மங்கி, உயிருள்ள செருமானிய வீரனாக மாறிச் சுழல்கிறான். திரைக்கலையாக நோக்கினால் அக்காட்சியின் திறமையை மறுக்க இயலாது. ஆனால் அங்கு நடப்பது என்ன? மைரோன் நிறுத்திவைத்த கணம் நீக்கப்படுகிறது. நோக்கி நின்றவன் எறிந்துவிடுகிறான். கேள்வியாக இருந்த சிலை வெற்றி முழக்கமாக ஆக்கப்படுகிறது.

அதே ஆண்டில் இட்லர் அச்சிலையையே விரும்பினார். இத்தாலியக் கல்வி அமைச்சர் பொத்தாயின் எதிர்ப்பை மீறி, 50 இலட்சம் லிராவுக்கு லான்செலொத்தி குடும்பத்திடமிருந்து அது வாங்கப்பட்டது. 1938 ஜூலையில் மியூனிக் நகரத்துக் கிளிப்தோதெக் சிற்பக் கூடத்தில் அதனைச் செருமானிய மக்களுக்கு வழங்குவதாக இட்லர் அறிவித்தார். மனித உடலின் அழகுக்கு இதுவே அளவுகோல் என்றும், இவ்வழகை எட்டவும் விஞ்சவும் வேண்டும் என்றும் அவர் மக்களைத் தூண்டினார்.

அக்கூடம் இருந்த இடத்தைக் கருதுங்கள். அதன் முன்னுள்ள கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில்தான் 1933 மே 10 அன்று நூல்கள் தீயிலிடப்பட்டன. அந்நகரிலிருந்து சில மைல் தொலைவில்தான் அதே ஆண்டு முதல் டாக்கவ் வதைமுகாம் இயங்கி வந்தது. சிலை வந்து சில திங்களில், 1938 நவம்பர் 9 இரவில், மியூனிக்கில் கூடியிருந்த கட்சித் தலைவர்களிடமிருந்து புறப்பட்ட ஏவலால் நாடெங்கும் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன. அழகிய உடலை அளவுகோலாக நாட்டியவர்கள், அவ்வளவுக்குப் பொருந்தாத உடல்களை என்ன செய்தார்கள் என்பதையும் உலகம் அறியும். 1940-41 ஆகிய இரண்டே ஆண்டுகளில், உடலும் மனமும் நலிந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். அக்கொலையை 1941 ஆகஸ்டில் மறையுரை மேடையிலிருந்து வெளிப்படையாகக் கண்டித்தவர் மூன்ஸ்டர் ஆயர் வான் காலன். பயன்படாதவர் என்று ஒருவரை ஒதுக்கும் உரிமையை அரசுக்கு அளித்துவிட்டால், நாளை முதுமையுற்ற எவருக்கும் காப்பில்லை என்று அவர் எச்சரித்தார்.

இவ்வளவுக்கும் வட்டெறிவோன் பொறுப்பாவானா? திறனாய்வாளன் இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் ஆகாது. கலை தூயது, அரசியலே தீயது என்று கூறி எளிதாக விலகிவிடலாம். அவ்வாறு கூற நம் மனம் ஒப்பவில்லை. கிரேக்க விளையாட்டுக் களம் உரிமையுள்ள ஆடவர்க்கே உரியதாக இருந்தது; அடிமைகளுக்கு அங்குப் போட்டியிட இடமில்லை. நலிந்த உடலைச் சிலையாக வடித்துப் போற்றும் எண்ணம் மைரோன் காலத்தவர்க்கு அரிது. முகத்தில் உணர்வை எழுதாமல் விட்டதால் எவர் கைக்கும் அச்சிலை எளிதில் வசப்பட்டது. இவற்றை ஒப்புக்கொண்டே பேச வேண்டும்.

ஒப்புக்கொண்டபின் நாம் சொல்வது இது: இட்லரின் வாசிப்பு சிலையிலேயே சான்று இல்லாத வாசிப்பு. வெற்றியின் அளவுகோல் என்றார் அவர். சிலையிலோ வெற்றி இல்லை. வெற்றி மாலை இல்லை. வென்றவனின் பெயர் இல்லை. வட்டு இன்னும் கையை விடவே இல்லை. இவன் எறிந்தது எவ்வளவு தொலைவு சென்றது என்பதை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக எவரும் அறியார். ஒரே இனத்தின் தூய வடிவம் என்று போற்றப்பட்டது, கிரேக்கர் ஒருவர் வெண்கலத்தில் எண்ணியதை, உரோமையர் பளிங்கில் பெயர்த்து, பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியர் பழுது பார்த்து நிறுத்திய உருவம். வெண்ணிற மேனி என்று அவர்கள் மயங்கியது பளிங்கின் நிறமேயன்றி மைரோனின் நிறமன்று. டவுன்லியின் சிலைக்குத் தலை பொருத்தியவர் அறியாமையால் பிழை செய்தார். மியூனிக்கில் செய்யப்பட்டதோ, உடலை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பி நோக்கும் அத்தலையை மக்களின் பார்வையிலிருந்து மறைத்த செயல்.

திரும்பி நோக்குதல்

போர் முடிந்தபின், 1948 நவம்பரில் அச்சிலை இத்தாலிக்கு மீட்டுத் தரப்பட்டது. அதே ஆண்டில் இலண்டன் ஒலிம்பிக் சுவரொட்டியில் வட்டெறிவோனின் உருவம் மீண்டும் உலகைச் சுற்றி வந்தது. இப்பொழுது லான்செலொத்தி வட்டெறிவோன் உரோமைத் தேசிய அருங்காட்சியகத்தில், தேர்மே அருகிலுள்ள மாசிமோ மாளிகையில் நிற்கிறான். அவனுக்கு அண்மையிலேயே 1906-இல் கஸ்தெல்போர்சியானோவில் கிடைத்த மற்றொரு படியும் உள்ளது. அத்திரியானின் மாளிகையில் கிடைத்த படிகளுள் ஒன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உரோமைக்குத் திருப்பயணம் செல்வோர் இவற்றைக் காண ஓரிரு மணி நேரம் ஒதுக்குவார்களாயின் அது வீணாகாது.

காணும்போது முதலில் தோளையும் மார்பையும் விட்டுவிடுங்கள். அவன் கழுத்தைப் பாருங்கள். பிறகு அவன் பார்வை செல்லும் வழியே சென்று, அவன் கையில் உள்ள வட்டைப் பாருங்கள். அன்புக்குரியவனைக் கொன்ற வட்டும் அதுவே. போரை நிறுத்தும் மொழி பொறித்த வட்டும் அதுவே. எதுவாகப் போகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. வலிமையுள்ள ஒருவன், தன் வலிமை கையைவிட்டுப் போவதற்கு முன், அதனை ஒரு கணம் நின்று நோக்குகிறான். நம் கையிலிருந்து புறப்படும் சொல்லுக்கும் செயலுக்கும் இவ்வொரு கணத்தை நாம் தருகிறோமா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே அந்த அறையைவிட்டு வெளியேறினால், மைரோனின் உழைப்புக்கு உரிய மதிப்பை அளித்தவர்களாவோம்.